ஒரே டிராயிங், மூன்று சம்பளம்: பீன்யாவில் கூலியும் வர்க்கமும்

பெங்களூரின் வடமேற்கில், தும்கூர் சாலையை ஒட்டிக் கிடக்கிறது பீன்யா தொழிற்பேட்டை. 1970-களில் காலூன்றி, கட்டம் கட்டமாக வளர்ந்து, இன்று ஆயிரக்கணக்கான சிறு, குறு தொழிற்கூடங்கள் நெருக்கியடித்து நிற்கும் இடம். லேத், மில்லிங், சி.என்.சி., ஷீட் மெட்டல், டை காஸ்டிங், பிளேட்டிங், பவுடர் கோட்டிங் என்று உலோகத்துக்குச் செய்யக்கூடிய எல்லா வேலையும் இங்கே நடக்கிறது. அதே பேட்டையின் ஆயத்த ஆடை ஆலைகளில் பெண்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து சட்டை தைக்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து பிழைக்க வந்த தமிழர்கள், வட கர்நாடகத்துக்காரர்கள், அண்மைக் காலத்தில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து ரயிலேறி வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து உழைக்கும் பேட்டை இது. கூலி நியாயமா என்ற கேள்வியை எழுப்ப இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. வெவ்வேறு வேலைகளும் அவற்றுக்கான வெவ்வேறு கூலிகளும் இங்கே நடந்துபோகும் தூரத்துக்குள் இருக்கின்றன.

ஒரு ஷாஃப்டை எடுத்துக்கொள்வோம். டிராயிங்கில் அதன் வெளிவிட்டத்துக்கு 20 மைக்ரான் மட்டுமே விலக்கம் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அதைக் கடையும் ஆபரேட்டர் ஒரு பெரிய பொதுத்துறை ஆலையின் நிரந்தரத் தொழிலாளியாக இருக்கலாம். அதே ஆலைக்குள் ஒப்பந்ததாரர் அனுப்பிய ஆளாக இருக்கலாம். அந்த ஆலைக்கு ஜாப் ஒர்க் செய்துகொடுக்கும் பீன்யா ஷெட் ஒன்றின் ஊழியராகவும் இருக்கலாம். மூவரும் ஒரே டிராயிங்கைப் பார்க்கிறார்கள், ஒரே வகை மெஷினில் ஆஃப்செட் திருத்துகிறார்கள், கடைந்த ஷாஃப்டை ஒரே வகை மைக்ரோமீட்டரால் அளக்கிறார்கள். முதலாமவருக்கு பேஸிக், பஞ்சப்படி, கேன்டீன், குடும்பத்துக்கு மருத்துவம், பணிக்கொடை எல்லாம் உண்டு. இரண்டாமவருக்குக் குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ., அதுவும் ஒப்பந்ததாரர் ஒழுங்காகக் கட்டினால். மூன்றாமவருக்குக் கைக்கு வரும் ஒரு மொத்தத் தொகையும் ஓ.டி.யும். முதல் சம்பளம் மூன்றாவதைப் போல் சில மடங்கு இருப்பது இந்தியத் தொழில்துறையில் யாருக்கும் வியப்பளிக்காது.

வியப்பளிக்காமல் போனதுதான் ஆராயவேண்டியது. திறமைக்கு ஏற்ற கூலி என்று பள்ளிப்பருவம் முதல் கேட்டு வளர்கிறோம். மூன்று பேரின் திறமையும் ஒன்றாக இருக்கும்போது கூலி மட்டும் ஏன் மூன்றாகப் பிரிகிறது? கூலி ஒட்டிக்கொண்டிருப்பது வேலையோடு அல்ல, வேலை செய்பவர் நிற்கும் இடத்தோடு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அந்த இடம் எப்படி உண்டாயிற்று என்று தேடிப் போனால், யார் தொழிலாளி வர்க்கம் என்ற பழைய கேள்விக்கும் ஒரு விடை தட்டுப்படுகிறது.

77 நாள்

பெங்களூரில் ஊதிய ஒப்பீடு ஒரு பெரும் போராட்டமாக வெடித்தது 1980 டிசம்பர் இறுதியில். எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எம்.எல். ஆகிய 5 பொதுத்துறை நிறுவனங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 1.25 லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 1981 மார்ச் வரை 77 நாள் நீடித்த அந்தப் போராட்டத்தின் மையக் கோரிக்கை ஒன்றுதான்: பி.எச்.இ.எல். தொழிலாளிக்குக் கிடைக்கும் ஊதியம் எங்களுக்கும் வேண்டும். திருச்சிக்காரர்கள் ‘பெல்’ என்று சொல்லும் அதே நிறுவனத்தைத்தான் அவர்கள் அளவுகோலாக வைத்தார்கள். இரண்டுக்கும் முதலாளி ஒன்றிய அரசு, இரண்டிலும் வேலை பொறியியல் வேலை, பிறகு சம்பளத்தில் மட்டும் ஏன் வித்தியாசம் என்பது கேள்வி. கோரிக்கை நிறைவேறாமலே அவர்கள் வேலைக்குத் திரும்ப நேர்ந்தது.

நியாயம் என்பது எப்போதும் யாரோடு யாரை ஒப்பிடுகிறோம் என்பதில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பெங்களூர்ப் பொதுத்துறைத் தொழிலாளி தன்னை மேலே இருந்த பி.எச்.இ.எல். தொழிலாளியோடு ஒப்பிட்டார். கீழே பீன்யாவின் ஷெட்டில் அதே பாகத்தைக் கடைந்தவரோடு ஒப்பிடவில்லை. அன்றைக்கு அவரை ‘உயர்கூலித் தீவு’ என்று கடிந்துகொண்டவர்களோ, கீழே இருப்பவரைக் காட்டி மேலே இருப்பவரின் வாயை அடைத்தார்கள். கீழே இருப்பவரின் கூலியை உயர்த்தும் பேச்சு அவர்களிடமும் எழவில்லை.

மானிடவியலாளர் மார்க் ஹோல்ம்ஸ்ட்ரோம் பெங்களூர் ஆலைத் தொழிலாளரிடையே களப்பணி செய்து 1976-இல் ஒரு நூல் வெளியிட்டார். நிரந்தர வேலையை அதில் அவர் ஒரு கோட்டையாகக் கண்டார். உள்ளே புகுந்தவருக்குப் பாதுகாப்பு, வெளியே நிற்பவருக்கு நிச்சயமின்மை, நடுவே மதில். 1984-இல் வெளியான அடுத்த நூலில் அந்தப் படத்தை அவரே திருத்தினார். சுவர் அவ்வளவு தெளிவானது அல்ல, மலைச்சரிவுபோல் படிப்படியாக இறங்கும் நிலைகள் இருக்கின்றன, ஒவ்வொருவரும் ஏதோவொரு படியில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்றார். பிந்திய நாற்பதாண்டுகளில் அந்தச் சரிவு இன்னும் செங்குத்தாகிவிட்டது. கோட்டைக்குள்ளேயே சரிவு நுழைந்துவிட்டது. அரசின் தொழிற்சாலைகள் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, பதிவுபெற்ற ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளரின் பங்கு 2022-23-இல் 40 விழுக்காட்டைத் தாண்டியது. ஆலைகள் கூட்டும் நிகர மதிப்பில் தொழிலாளர் கூலியின் பங்கு 1980-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்து, 2000-களின் இறுதியில் 10 விழுக்காட்டை ஒட்டிச் சரிந்தது.

இந்த மாற்றத்தின் ஒரு முகம்தான் பீன்யா. பெரிய ஆலை தான் செய்த வேலையைப் பாகம் பாகமாக வெளியே கொடுத்தது. வேலையோடு திறமையும் வெளியே வந்தது. சம்பளம் மட்டும் வெளியே வரவில்லை.

திறமைக்குப் 10 விழுக்காடு

திறமைக்கு என்ன விலை என்று அரசே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. கர்நாடக அரசு 2025 ஏப்ரலில் வெளியிட்ட குறைந்தபட்சக் கூலி வரைவு அறிவிக்கையில், பெங்களூர் மாநகரம் அடங்கும் முதல் மண்டலத்தில் திறன்சாராத் தொழிலாளிக்கு மாதம் 23,376 ரூபாய் முன்மொழியப்பட்டது. அதற்கு மேலே மூன்று படிகள்: ஓரளவு திறன், திறன், உயர்திறன். ஒவ்வொரு படிக்கும் முந்தைய படியைவிடப் 10 விழுக்காடு கூடுதல். உச்சிப்படியில் இருக்கும் உயர்திறன் தொழிலாளிக்கு 31,114 ரூபாய். அரசின் மதிப்பீட்டில் திறமையின் முழு வீச்சும் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசத்துக்குள் அடங்கிவிடுகிறது. நடப்பில் காணும் மடங்குக் கணக்கான இடைவெளிக்குத் திறமை காரணம் என்றால், அரசின் அளவுகோல் தவறு. அளவுகோல் சரி என்றால், அந்த இடைவெளிக்கு வேறு காரணம் இருக்கவேண்டும்.

ஆடம் ஸ்மித் 1776-இல் இன்னொரு விளக்கம் தந்தார். வேலை அருவருப்பானதாக, கடினமானதாக, நிலையற்றதாக இருந்தால், அதை ஈடுசெய்யக் கூலி உயரும் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பிளேட்டிங் யூனிட் ஒன்றின் உள்ளே போய்ப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. செம்புக் கம்பியில் பாகங்களைக் கோத்துத் தொங்கவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் தொட்டி, ஆசிட் தொட்டி, கழுவும் தண்ணீர், பிறகு குரோம் தொட்டி என்று வரிசையாக முக்கி எடுக்கிறார்கள். தரை எப்போதும் ஈரம். தொட்டியிலிருந்து எழும் ஆவியில் ஆறு மதிப்புக் குரோமியம் கலந்திருக்கும். அது தோலில் ஆறாத புண்ணையும், ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் மூக்கின் நடுச்சுவரில் ஓட்டையையும் உண்டாக்கும் என்பது தொழில்மருத்துவம் நெடுங்காலமாக அறிந்த செய்தி. பீன்யாவின் நிலத்தடி நீரிலேயே குரோமியம் கண்டறியப்பட்டிருக்கிறது. இத்தனைக்கும் தொட்டியருகே நிற்பவரின் பெயர் ஹெல்பர். சம்பளப் பட்டியலில் அடிவரிசை.

ஸ்மித்துக்குப் பிந்தி எழுதிய ஜான் ஸ்டுவர்ட் மில் 1848-இல் இதைக் கண்டுகொண்டார். உண்மையிலேயே உடலை வாட்டும், யாரும் விரும்பாத வேலைகள்தான் பெரும்பாலும் மிகக் குறைந்த கூலி பெறுகின்றன, ஏனெனில் வேறு வழியற்றவர்களே அவற்றைச் செய்கிறார்கள் என்பது அவர் வாதம். அம்பேத்கர் 1936-இல் சொன்னது இன்னும் ஒரு படி ஆழமானது. சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல் வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்குகிறது என்றார். யார் தொட்டியருகே நிற்பார், யார் கம்ப்யூட்டர் முன் அமர்வார் என்பது சந்தைக்கு வருமுன்பே பெருமளவு முடிவாகிவிட்ட ஒரு நாட்டில், அருவருப்புக்கு ஈட்டுத்தொகையைச் சந்தை தானாகத் தந்துவிடும் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

பெங்களூரிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 2025 மே தினத்தன்று மாநகராட்சியின் 12,000-க்கும் மேற்பட்ட துப்புரவுத் தொழிலாளர்களுக்கு நிரந்தரப் பணி ஆணை வழங்கப்பட்டது. மறுநாள் அவர்கள் பெருக்கியது அதே தெருவை. ஆனால் சம்பளமும் விடுப்பும் ஓய்வுக்காலமும் வேறாகின. நீண்ட போராட்டத்தின் பலனாகப் பெயர் ஒரு பட்டியலிலிருந்து இன்னொரு பட்டியலுக்கு ஏறியது, அவ்வளவே. திறமையும் மாறவில்லை, அருவருப்பும் குறையவில்லை.

தையல் மெஷினும் சி.என்.சி. மெஷினும்

இதுவரை ஒரே வேலைக்கு வெவ்வேறு கூலி. வெவ்வேறு வேலைகளை எப்படி ஒப்பிடுவது? பீன்யாவின் ஆடை ஆலைகள் அந்தச் சிக்கலைக் கண்முன் வைக்கின்றன.

சட்டை தைக்கும் லைனில் வேலை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒருவர் காலர் வைப்பார், ஒருவர் கை இணைப்பார், ஒருவர் காஜா போடுவார். ஒவ்வொரு துண்டு வேலைக்கும் எத்தனை நிமிடம் என்பதை இண்டஸ்ட்ரியல் எஞ்சினியர்கள் நிமிடத்தின் நூற்றில் ஒரு பங்குவரை கணக்கிட்டு வைத்திருப்பார்கள். ஒரு வேலைக்கு 0.50 நிமிடம் என்று குறித்துவிட்டால் மணிக்கு 120 உருப்படி டார்கெட். மணிக்கொருமுறை பலகையில் எண்ணிக்கை ஏறும். வளைவான தோள்பட்டையில் கையை இணைக்கும்போது இரு துணிகளின் நீளமும் ஒன்றாக இருக்காது. ஒன்றைச் சற்றே தளரவிட்டு, மற்றொன்றை இழுத்துப் பிடித்து, சுருக்கம் விழாமல் ஓட்டவேண்டும். அந்தக் கைப்பக்குவம் வரப் பல மாதங்கள் ஆகும். ஆனால் இது பெண்களுக்கு இயல்பாக வரும் கை வேலை என்று கருதப்படுவதால், இதைக் கற்ற திறமை என்று யாரும் எழுதிவைப்பதில்லை. கர்நாடகத்தின் கூலி அட்டவணைகளில் நெடுங்காலமாகத் தையல் தொழிலுக்கு ஒரு கணக்கு, எஞ்சினியரிங் தொழிலுக்கு வேறு கணக்கு. ஆடைத் தொழிலின் கூலி தாழ்ந்த படியிலேயே இருந்துவந்திருக்கிறது.

இங்கிலாந்தின் டேகனம் நகரிலிருந்த ஃபோர்டு கார் ஆலையில் 1968-இல் நடந்தது இதோடு நெருங்கிய உறவுடையது. அங்கே கார் இருக்கைகளுக்கு உறை தைத்த பெண்களின் வேலை தாழ்ந்த தரத்தில் வைக்கப்பட்டிருந்தது. அதை எதிர்த்து அவர்கள் தையல் மெஷினை நிறுத்தியதும் உறையில்லாமல் கார் வெளியேறவில்லை. அந்தப் போராட்டம் 1970-இன் சம ஊதியச் சட்டத்துக்கு வழிவகுத்தது. ஆனால் அவர்கள் கேட்ட தர உயர்வு கிடைத்தது 1984-இல் மீண்டும் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான். சட்டம் திருந்திய பின், 1988-இல் கப்பல் கட்டும் தளம் ஒன்றின் கேன்டீனில் சமைத்த பெண், தன் வேலை பெயின்டரின் வேலைக்கும் தச்சரின் வேலைக்கும் மதிப்பில் குறைந்ததல்ல என்று வாதாடி, பிரபுக்கள் அவையின் தீர்ப்பில் வென்றார். சமையலையும் தச்சையும் ஒப்பிட முடியுமா என்பவர்களுக்கு அந்த வழக்கு பதில் சொல்கிறது. பயிற்சி, உழைப்பு, பொறுப்பு, சூழல் என்று பிரித்து மதிப்பெண் போட்டால் ஒப்பிடலாம்.

இந்தியா 1958-லேயே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 100-ஆவது உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. அது பேசுவது சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம். ஆனால் 1976-இன் சம ஊதியச் சட்டம் ‘அதே வேலை அல்லது அதை ஒத்த வேலை’ என்று குறுக்கிக்கொண்டது. 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதே வேலியைத் தாண்டவில்லை. வேலைகளை ஆண் வேலை, பெண் வேலை என்று முதலிலேயே பிரித்துவிட்ட ஒரு பேட்டையில் இந்தச் சட்டத்துக்கு வேலையே இல்லை. கை இணைக்கும் பெண் தன்னை எந்த ஆணோடு ஒப்பிடுவார்? அவர் லைனில் ஆண் ஆபரேட்டர்கள் இருந்தாலும் அவர்களுக்கும் அதே தாழ்ந்த கூலிதான். எதிர்த் தெருவில் சி.என்.சி. ஓட்டும் இளைஞனோடு ஒப்பிடச் சட்டம் கதவு திறப்பதில்லை.

குறைந்தபட்சக் கூலியின் கணக்கிலேயே இந்தப் பார்வை ஒளிந்திருக்கிறது. 1957-இன் 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்த சூத்திரம் ஒரு குடும்பத்தை 3 நுகர்வு அலகுகளாகக் கொண்டது. உழைக்கும் ஆணுக்கு 1, மனைவிக்கு 0.8, இரு பிள்ளைகளுக்குத் தலா 0.6. ஆளுக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, வாடகை, எரிபொருள். சென்னையின் ரெப்டகோஸ் பிரெட் மருந்து நிறுவனத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனோடு கல்வி, மருத்துவம் போன்றவற்றுக்கு 25 விழுக்காடு சேர்த்தது. சூத்திரம் மனிதத்தன்மை உடையதுதான். ஆனால் அதில் பெண் சாப்பிடுபவர் மட்டுமே, சம்பாதிப்பவர் அல்லர். பீன்யா ஆடை ஆலையின் வாசலில் காலையில் திரளும் கூட்டத்தில் குடும்பத்தையே தாங்கும் பெண்கள் ஏராளம்.

சட்டத்தின் கண்ணில் தொழிலாளி

யார் தொழிலாளி என்று சட்டத்தைக் கேட்டால் ஒவ்வொரு சட்டமும் ஒவ்வொரு கோடு போடுகிறது. 1947-இன் தொழில் தகராறு சட்டம் உடலுழைப்பு, தொழில்நுட்ப வேலை, எழுத்தர் வேலை எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு, நிர்வாகிகளை விலக்கியது. மேற்பார்வையாளருக்குச் சம்பள வரம்பு வைத்தது. அந்த வரம்பு 500 ரூபாயில் தொடங்கி, 1,600 ஆகி, 2010-இல் 10,000 ஆகி, 2020-இன் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் 18,000 ஆனது. 1988-இல் உச்ச நீதிமன்றம் பள்ளி ஆசிரியை இந்த வரையறைக்குள் வரமாட்டார் என்று தீர்ப்பளித்தது. இ.எஸ்.ஐ.க்கு வரம்பு 2017 முதல் 21,000. பி.எஃப். கட்டாயத்துக்கு 15,000.

இந்தக் கோடுகளைக் கர்நாடக வரைவின் அருகே வைத்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. அந்த வரைவின்படி பெங்களூரில் தரை துடைக்கும் திறன்சாராத் தொழிலாளிக்கு 23,376 ரூபாய். அந்தக் கூலி நடைமுறைக்கு வந்து இ.எஸ்.ஐ. வரம்பு நின்ற இடத்திலேயே நின்றால், ஆக அடித்தட்டுத் தொழிலாளிகூட மருத்துவக் காப்புக்கு உரிய தொழிலாளி அல்லாமல் போவார். சம்பளத்தைக் கொண்டு வர்க்கத்தை வரையறுத்தால் வரும் வினை இது. கூலி உயர்ந்ததும் மனிதர் வர்க்கம் மாறிவிடுவதில்லை.

படிப்பைக் கொண்டு வரையறுத்தாலும் நிற்காது. பெரிய ஐ.டி. நிறுவனங்களில் புதிதாகச் சேரும் பொறியாளரின் தொடக்கச் சம்பளம் பத்தாண்டுக்கும் மேலாக ஆண்டுக்கு 3 முதல் 4 லட்சத்துக்குள்ளேயே சுற்றிவருகிறது. மாதக் கணக்கில் பார்த்தால் வரைவின் உயர்திறன் தொழிலாளிக்கு அக்கம்பக்கம். கழுத்தில் அடையாள அட்டை தொங்கினாலும் அவர் தன்னை வேலைக்காரன் என்றோ தொழிலாளி என்றோ அழைத்துக்கொள்வதில்லை. ஆனால் ஆட்குறைப்பு வந்தபோது அவருக்கும் தொழில் தகராறு சட்டமே கைகொடுத்தது. ஐ.டி. நிறுவனங்கள் அந்தச் சட்டத்துக்கு விலக்கானவை அல்ல என்று தமிழ்நாடு அரசு 2016-இல் தெளிவுபடுத்தியது. 2017-இல் கர்நாடகத்தில் ஐ.டி. ஊழியர்களுக்குத் தொழிற்சங்கம் உருவானது. நிலையாணைச் சட்டத்திலிருந்து மட்டும் கர்நாடக அரசு ஐ.டி. துறைக்குத் தொடர்ந்து விலக்கு அளித்துவந்திருக்கிறது.

மேல்தட்டின் சம்பளத்தைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதையும் கவனிக்கவேண்டும். 2013-இன் நிறுவனச் சட்டப்படி, பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் தன் இயக்குநரின் ஊதியம் நடுநிலை ஊழியரின் ஊதியத்தைப்போல் எத்தனை மடங்கு என்று வெளியிடவேண்டும். நல்ல விதி. ஆனால் வகுக்கும் எண் சொந்தப் பட்டியலில் உள்ள ஊழியர். வாசலில் நிற்கும் காவலாளியும், ஒப்பந்ததாரரின் ஆபரேட்டரும், பீன்யாவில் பாகம் கடையும் ஷெட் தொழிலாளியும் அந்தக் கணக்கில் வருவதில்லை. கீழ்ப்படிகளை வெளியே தள்ளத் தள்ள, காகிதத்தில் ஏற்றத்தாழ்வு குறைந்துகொண்டே போகும்.

நட்டம் யார் தலையில்

பீன்யாவில் யாரும் எளிதாக வகைப்படுத்த முடியாத ஆள் ஒருவர் இருக்கிறார்: சின்ன ஷெட்டின் ஓனர். இரண்டு மெஷின், ஒரு ஹெல்பர், வங்கிக் கடன். ஆள் வராத நாளில் அவரே ஷிஃப்ட் ஓட்டுவார். பெரிய ஆலைகளில் வேலை கற்று, பிறகு சொந்தமாக மெஷின் போட்டவர்கள் இவர்களில் பலர். உற்பத்திச் சாதனம் கையில் இருப்பதால் பாடப்புத்தகம் இவரை முதலாளி என்கிறது. விலையை நிர்ணயிப்பவர் இவர் அல்லர். மெஷின் மணிக்கு இவ்வளவு என்று வாங்கும் நிறுவனம் சொல்வதுதான் ரேட். பில் பணமும் நேரத்துக்கு வராது. 2006-இன் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டம் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும், தவறினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டு வட்டி என்கிறது. வட்டி கேட்டு மனுப் போட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம் சட்டத்தைவிட வலுவானது.

இவரை எங்கே வைப்பது? சம்பளத்தை விட்டு, படிப்பை விட்டு, கையில் கறை படிகிறதா என்பதை விட்டு, வேறொரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். நட்டம் வந்தால் அதை அடுத்தவர் தலையில் கட்ட இவரால் முடியுமா?

ஏற்றுமதி ஆர்டர் தள்ளிப்போனால் பெரிய நிறுவனம் சப்ளையருக்குப் பணத்தை நிறுத்தும். சப்ளையர் ஜாப் ஒர்க் ஷெட்டின் பில்லை நிறுத்துவார். ஓனர் ஹெல்பரின் ஓ.டி.யை வெட்டுவார், அல்லது அடுத்த வாரம் வரச் சொல்லுவார். ஹெல்பர் யார் தலையில் கட்டுவார்? வீட்டு வாடகை பாக்கியாகும், நகை அடகுக்குப் போகும், மனைவி இன்னொரு வீட்டில் வேலைக்குப் போவார். நட்டம் கைமாறிக் கைமாறி வந்து, இதற்கு மேல் கைமாற்ற ஆளில்லாத இடத்தில் யார் நிற்கிறாரோ அவரே தொழிலாளி வர்க்கம். இந்த அளவுகோலில் ஓனர் வாங்கும் நிறுவனத்தின் முன் தொழிலாளிக்கு நெருங்கியவர், ஹெல்பரின் முன் முதலாளி. ஒரே ஆள் இரண்டு உறவில் இரண்டாக நிற்பதை இது மறைப்பதில்லை. ஐ.டி. பொறியாளரையும் ஆட்குறைப்பு நாளில் இது சரியாகவே அடையாளம் காட்டும்.

அந்தக் கைமாற்றம் 2020-இல் வெளிச்சத்தில் நடந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் கர்நாடக ஆடைத் தொழிலாளருக்குப் பஞ்சப்படி மாதம் ஏறத்தாழ 417 ரூபாய் உயரவேண்டும். கொரோனா நெருக்கடியைக் காரணம் காட்டி மாநில அரசு அதை ஒத்திவைத்தது. உயர் நீதிமன்றம் அந்த ஒத்திவைப்பை ஏற்கவில்லை. அதன் பிறகும் பல ஆலைகள் கொடுக்கவில்லை. ஏறத்தாழ 4 லட்சம் தொழிலாளர்களுக்குச் சேரவேண்டிய நிலுவை, தொழிற்சங்கங்களும் பன்னாட்டுக் கண்காணிப்பு அமைப்புகளும் ஆடை வாங்கும் பிராண்டுகளை நெருக்கிய பிறகே 2022 தொடக்கத்தில் வரத் தொடங்கியது. பெருந்தொற்றின் நட்டத்தில் ஒரு பங்கை, இடைப்பட்ட காலத்தில் மாதம் 417 ரூபாய் வீதம் சுமந்தவர்கள் தையல்காரப் பெண்கள்.

2016 ஏப்ரலில் நடந்ததும் இதே கதையின் இன்னொரு பக்கம். பி.எஃப்.-இல் முதலாளி கட்டிய பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க முடியாது என்று பிப்ரவரியில் ஒன்றிய அரசு விதி கொண்டுவந்தது. ஓய்வுக்காலத்துக்கு நல்லது என்று டெல்லியில் தோன்றியிருக்கலாம். ஆடை ஆலைப் பெண்ணுக்கு பி.எஃப். என்பது பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், மகளின் கல்யாணம், ஒரு ஆலையை விட்டு இன்னொன்று தேடும் மாதங்களின் சோறு. நட்டத்தைத் தாங்க அவர்களிடம் இருந்த ஒரே மெத்தை அது. ஏப்ரல் 18, 19 தேதிகளில் பெங்களூரின் ஆடைத் தொழிலாளர் பல்லாயிரக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். ஓசூர் சாலையில் தொடங்கியது தும்கூர் சாலையில் ஜாலஹள்ளி கிராஸ் பக்கமும் பரவியது. இரண்டாம் நாளே அரசு விதியைத் திரும்பப் பெற்றது. பெரிய சங்கங்கள் கூட்டிய போராட்டம் அல்ல அது. 1981-இன் 1.25 லட்சம் தொழிலாளர்கள் 77 நாளில் பெற முடியாததை, சங்கமில்லாத பெண்கள் இரண்டே நாளில் பெற்றார்கள். பெற்றது புதிய உரிமை அல்ல, பறிபோன பழையது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

சந்தை சொல்லும் பதில்

எதிர்வாதங்கள் வலுவற்றவை அல்ல. பெரிய ஆலையில் ஒரு தொழிலாளிக்குப் பின்னால் கோடிக்கணக்கில் முதலீடு இருக்கிறது, அவர் கையால் உருவாகும் மதிப்பு அதிகம், ஆகவே சம்பளமும் அதிகம் என்பது ஒன்று. கூலியை உயர்த்தினால் சின்ன ஷெட்கள் மூடும், உள்ளதும் போய்விடும் என்பது இன்னொன்று.

முதலாவது வாதம் ஆலைக்கும் ஷெட்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தில் ஒரு பகுதியை விளக்கும். அதே ஆலைக்குள், அதே மெஷினில், நிரந்தர ஆபரேட்டருக்கும் ஒப்பந்த ஆபரேட்டருக்கும் உள்ள இடைவெளியை விளக்காது. அங்கே முதலீடும் ஒன்று, மெஷினும் ஒன்று. 1970-இன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் ஒன்றிய விதிகளே அதே வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு நேரடித் தொழிலாளியின் கூலியைத் தரச் சொல்லிவந்தன. 2016-இல் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசின் தற்காலிக ஊழியருக்கும் அதே பணிக்கு அதே ஊதிய விகிதத்தின் தொடக்கம் உரியது என்றது. விதி இருக்கிறது. கேட்டால் மறுநாள் உள்ளே விடமாட்டார்கள் என்பதும் இருக்கிறது.

இரண்டாவது வாதத்துக்கு நம் நீதி மரபு ஏற்கெனவே ஒரு பதில் வைத்திருக்கிறது. 1948-இல் அமைக்கப்பட்ட நியாயக் கூலிக் குழு மூன்று படிகளைப் பிரித்தது: குறைந்தபட்சக் கூலி, நியாயக் கூலி, வாழ்வுக் கூலி. நியாயக் கூலிக்குத் தொழிலின் கொடுக்கும் திறனைப் பார்க்கலாம். குறைந்தபட்சத்துக்குப் பார்க்கக் கூடாது. கேரள ஓட்டுத் தொழில் வழக்கில் 1961-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. கொடுக்க முடியாத ஓனர் ஒருவர் இருக்கிறார் என்பது உண்மையானால், அவருக்கு மேலே ரேட்டைக் குறைத்துப் பிடித்து 90 நாள் பணத்தை நிறுத்தி வைக்கும் ஒருவரும் இருக்கிறார் என்பதும் உண்மை. கொடுக்கும் திறனை ஷெட்டுக்குள் அளக்காமல் சங்கிலி முழுவதற்கும் அளந்தால் விடை வேறாக வரும்.

பேரம் எங்கே நடக்கவேண்டும்

இதிலிருந்து வருவது ஒரு நடைமுறை முடிவு. கூலி நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்றால், பேரத்தையும் அந்த இடத்துக்குக் கொண்டுபோகவேண்டும். நான்கு பேர் வேலை செய்யும் ஷெட்டில் சங்கம் வைக்க முடியாது. வைத்தாலும் ஓனரிடம் கொடுக்க ஒன்றுமில்லை. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் முதலாளி சங்கங்களும் தொழிற்சங்கங்களும் ஊர் முழுமைக்குமான கூலி ஒப்பந்தம் போடும் மரபு இருக்கிறது. அது எல்லா ஆலையிலும் ஒழுங்காக நடைமுறையாகிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் ஒரு தொழிலாளி, ஒரு ஓனர் என்று தனித்தனியே நடக்கும் பேரத்தைவிட அது வலுவானது. பீன்யா போன்ற பேட்டையில் அந்த மேசையில் மூன்றாவது நாற்காலி ஒன்றும் வேண்டும், பாகத்தையும் சட்டையையும் வாங்கும் நிறுவனத்துக்காக. ஜாப் ஒர்க் ரேட்டும் கூலியும் ஒரே ஒப்பந்தத்தில் எழுதப்படாதவரை, ஓனரும் ஹெல்பரும் ஒருவரை ஒருவர் பிய்த்துக்கொண்டே இருப்பார்கள்.

கூடவே, தையலையும் கடைசலையும் பிளேட்டிங்கையும் பயிற்சி, உழைப்பு, பொறுப்பு, ஆபத்து என்ற ஒரே அளவுகோலில் மதிப்பிடும் வேலை மதிப்பீடு தேவை. அதைச் செய்தால் சில சி.என்.சி. ஆபரேட்டர்களின் பெருமிதம் புண்படலாம், தொட்டியருகே நிற்கும் ஹெல்பர் இரண்டு படி மேலேறலாம். சமமான கூலி இதனால் வந்துவிடாது, வரவேண்டியதும் இல்லை. கூடுதல் பயிற்சிக்கும் கூடுதல் பொறுப்புக்கும் கூடுதலாகக் கொடுப்பதில் அநியாயம் எதுவுமில்லை. அந்தக் கூடுதலுக்கு அரசின் சொந்தக் கணக்கே படிக்குப் 10 விழுக்காடு என்கிறது. அதற்கு மேல் உள்ள ஒவ்வொரு ரூபாய் வித்தியாசத்துக்கும் காரணம் சொல்லும் கடமை, அந்த வித்தியாசத்தால் பயன்பெறுபவருடையது. இன்றைக்கு அந்தக் கடமை, குறைவாகப் பெறுபவரின் தலையில் இருக்கிறது: ஏன் கூடுதலாகக் கேட்கிறாய் என்று அவரைத்தான் கேட்கிறோம்.